பிடரி

பேக்கர்ஸ்ஃபீல்டில், சலவை நிலையத்துக்கும் டயர் கடைக்கும் நடுவே
எங்கள் டயாலிசிஸ் கூடம்.
செவ்வாய், வியாழன், சனி. நாலு மணி நேரம்.
ரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டுத் திரும்பும்வரை
மேலே தொங்கும் டிவியில் பழைய தொடர்கள் மட்டும்தான்.
ரிமோட் தொலைந்து இரண்டு வருஷம்.

ஆர்வில் டேக்கெட்டுக்கும் எனக்கும் பந்தயம்.
முகத்தை முதலில் பிடிப்பவருக்கு இருபத்தைந்து சென்ட்.
விதி ஒன்றுதான்:
அந்த ஆள் எப்போதாவது
விண்வெளிக்குப் போய் வந்திருக்க வேண்டும்.

"அதோ, குதிரை லாயக்காரன்!
நெற்றியில் கொம்போடு
இரட்டைச் சூரியனுக்குக் கீழே சமாதானம் பேசினானே, அவன்."
"வக்கீல் மனைவி. அன்றைக்குப் பச்சைத் தோல், ஆறு விரல்."
"விஷம் வைத்த சமையல்காரன்?"
"அவன் மூளை மட்டும். கண்ணாடி ஜாடிக்குள்.
காசை எடு, கோன்சுவேலோ."

ஆர்வில் எண்ணெய்க் கிணற்று மெக்கானிக்.
கண்ணை மூடிக்கொண்டு
பம்ப் எங்கே தேய்கிறது என்று சொன்ன காது அவருக்கு.
நான் முப்பத்தொரு வருஷம் கோர்ட் குமாஸ்தா.
கூண்டேறிய எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்!
ரப்பர் முகமூடி எம்மாத்திரம்?
கொம்பைக் கழற்றிவிடலாம்.
கதவைத் திறக்குமுன் தோளை ஒருமுறை குலுக்குவதை
எந்த ஒப்பனைக்காரன் கழற்றுவான்?

மார்ச்சில் மூன்றாம் நாற்காலிக்குப் புது ஆள் வந்தார்.
பலகையில் டபிள்யூ. ஸ்ட்ரேக்.
மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை.
நர்ஸ் மாரிவிக் ஊசியோடு குனிந்தபோது
"மெதுவாக," என்றார், "எனக்கு அவசரமில்லை."

ஆர்வில் கண்ணைத் திறந்தார்.

அந்தக் குரல்.
ஒரு நிலவின் குகைக்குள்
பாறையாலான உயிரொன்று சாகும்போது
இப்படித்தான் கடைசிச் சொல்லில் உடைந்தது.
நான் முன்னமே பார்த்துவிட்டிருந்தேன்,
பாறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அந்த இரண்டு கண்களை.
இரண்டு பேருமே காசு கேட்கவில்லை.
கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு
நாங்கள் விதி எழுதியிருக்கவில்லை.

மூன்று சனிக்கிழமை கழித்து அவரே வந்தார், திரையில்.
ஷெரீஃபின் உதவியாள். வயது முப்பது இருக்கும்.
மூன்று வசனம், ஒரு குண்டு.
இரண்டு அடி பின்னால் போய், பாதி திரும்பி,
யாரோ போர்வை விரித்து வைத்ததுபோல் விழுந்தார்.
நான் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

அவர் தன்னைப் பார்க்கவே இல்லை.
இடது ஓரம். மதுக்கடை நிழல்.
அங்கேயே கண்.

"தட்டு ஏந்தி நிற்கிறாளே," என்றார், "அது லோர்னா."

நாங்கள் தேடுவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

"விண்கலத்திலும் இருப்பாள்.
கட்டுப்பாட்டு அறை, இரண்டாம் வரிசை,
பதினொரு வாரம். பிடரி மட்டும்தான் தெரியும்.
பெயர்ப்பட்டியலில் போடவில்லை."

"பிடரியை வைத்து எப்படிச் சொல்வீர்கள்?"
ஆர்விலுக்கு வாய் சும்மா இருக்காது.

"கொண்டை ஊசி," என்றார்.
"காலையில் நான்தான் செருகிவிடுவேன்.
எப்போதும் கொஞ்சம் சாய்ந்துவிடும்."

இடது கையில் ஊசி; அசைக்க முடியாது.
வலது கையால் பையைத் துழாவி
இருபத்தைந்து சென்ட்டை எறிந்தேன்.
தரையில் உருண்டு அவர் இயந்திரத்தின் கீழே போனது.
மாரிவிக் முணுமுணுத்தபடி மண்டியிட்டு எடுத்து
அவர் உள்ளங்கையில் வைத்தாள்.
அவர் அதைச் சட்டைப்பையில் போட்டு
பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

இப்போதெல்லாம் நாங்கள் கதையைக் கவனிப்பதில்லை.
கொலையா, விசாரணையா, தங்கம் போகும் ரயிலா,
எதுவானாலும் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால்தான் தேடல்.
"கொஞ்சம் நகரேன்டா, தடியா," என்று
ஒரு ஷெரீஃபை ஆர்வில் அதட்டினார் ஒருநாள்.

போன செவ்வாய் ஒரு துப்பறியும் தொடர்.
மழை, பஸ் நிறுத்தம், குடைக்கு அடியில்
சாய்ந்த கொண்டையோடு ஒருத்தி.
"அதோ!" இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.
ஸ்ட்ரேக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இல்லை. குடை வலது கையில் இருக்கிறது.
லோர்னா இடது கைக்காரி."

சரி என்றோம்.
அடுத்தது ஆஸ்பத்திரித் தொடர்.
அதில் கூட்டம் அதிகம்.